சொட்டு விழுந்த இடத்தில் முடிச்சு: மூன்று சுற்றில் ஒரு கலம்காரித் துணி

ஜவுளிக் கலை படிப்பின் இரண்டாம் ஆண்டுக்கான கலம்காரித் துணி, அதாவது மூங்கில் குச்சியால் வரைந்து இயற்கைச் சாயம் ஏற்றியது. அகலம் 1.2 மீட்டர், நீளம் 2 மீட்டர். கறுப்புக் கோடு, சிவப்பு நிரப்பு, வெண்மைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வரும் தரை, அதாவது துணியின் பின்புலம். மூன்றே நிறம். செய்த இடம் காலடிப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி. ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடுவில்தான் உருப்படியாக வந்தது. முதல் இரண்டு துணிகளும் வீண். ஆனாலும் சாம்பிள் நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பவை அவைதான்.

இந்த ஊரில் இந்த வேலை செய்வதற்கு ஒரு பொருத்தம் உண்டு. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியமர்த்தியதால் வந்த பெயர் இது. காலட் பேட்டை என்பதுதான் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. தெற்கே கொஞ்ச தூரத்தில் வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனித் துணிகளை வெளுத்தவர்களின் பேட்டை. அவர்களுக்குக் கிடைத்த தண்ணீர் இன்று கிடைக்காது. இந்தப் பதிவில் பாதி தண்ணீர்ப் பிரச்சினைதான்.

துணியைத் தயார் செய்தல்

வெளுக்காத காடா, கோடவுன் தெருவில் வாங்கியபோது மீட்டர் 85 ரூபாய். காய்ச்சினால் சுருங்கும் என்பதால் 2.10 மீட்டர் வெட்ட வேண்டும். வெட்டியபோது எடை 310 கிராம், கஞ்சியும் மெழுகும் போனபின் 290. பிறகு போடும் எல்லாச் சரக்குக்கும் இந்த 290தான் கணக்கு. வெட்டியபோது இருந்த எடையை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே கொஞ்சம் கூடிப்போகும்.

ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவேண்டும். சென்னை வெக்கைக்குக் கஞ்சி தானாகவே புளித்து இளகிவிடும், நாற்றமே அதற்குச் சாட்சி. அலசிவிட்டு 10 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் சலவை சோடா, ஒரு கைப்பிடி சீவிய பார் சோப்புப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். கொட்டிவிட்டு இன்னொரு முறை. முதல் சுற்றில் ஒரு தடவையோடு நிறுத்தியதில் அங்கங்கே மெழுகு நின்றுவிட்டது, அந்த இடங்களில் கறுப்பு ஏறவே இல்லை. சோதனை எளிது: காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருளாமல் உடனே உள்ளே இறங்க வேண்டும். ஓரம், நடு, மடிப்பு என்று பத்து இடத்திலாவது பார்க்க வேண்டும்.

தண்ணீர்

முதல் துணி போனது இங்கேதான். கடுக்காயில் நனைத்த துணியைப் போர் தண்ணீரில் அலசினோம். ஐந்து நிமிஷத்தில் முழுத் துணியும் சாம்பல் பூத்துவிட்டது. காரணம் தண்ணீரில் இருந்த இரும்பு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு, அதுதான் இந்தக் கலையின் அடிப்படையே. தண்ணீரில் கொஞ்சம் இரும்பு இருந்தாலும் நாம் கோடு போடுவதற்கு முன்பே தண்ணீர் தரை முழுக்கக் கோடு போட்டுவிடுகிறது.

டிடிஎஸ் மீட்டர் வாங்கிப் பார்த்ததில் போர் தண்ணீர் 1,900, மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், 340. ஆனால் அந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், இரும்பைத் தனியாகச் சொல்லாது. 250 ரூபாய் தண்டம் என்றே சொல்லலாம். இதற்கு மீட்டரே வேண்டாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, வடிகட்டிய கடுக்காய்ச் சாறு ஒரு ஸ்பூன் விட்டால் போதும். இளமஞ்சளாகவே நின்றால் நல்ல தண்ணீர். நீலம் கலந்த சாம்பலாகத் திரும்பினால் அந்தத் தண்ணீர் துணிப் பக்கமே வரக்கூடாது. மெட்ரோ தண்ணீர் வரும் நாளைப் பார்த்து வேலையைப் பிரித்துக்கொண்டது இதற்குப் பிறகுதான்.

இரும்பு தண்ணீரில் மட்டும் இல்லை. துருப்பிடித்த கொடிக்கம்பி ஒரு கறுப்புக் கோட்டை இலவசமாகப் போட்டுத் தந்தது. கிளிப்பின் ஸ்பிரிங் இரண்டு புள்ளி வைத்தது. தெருவில் லேத் பட்டறை இருந்தால் காற்றில் வரும் பொடி போதும், மறுநாள் காலையில் மிளகு தூவினதுபோல் இருக்கும். நைலான் கயிறு, மரக் கிளிப், மாடியில் பட்டறை இல்லாத பக்கம்.

கடுக்காயும் பாலும்

60 கிராம் கடுக்காய்ப் பொடியை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறப்போட்டு, காலையில் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, பால் சேர்க்க வேண்டும். பொடி ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும். கொட்டை நீக்கி அரைத்ததா என்று கேட்டு வாங்க வேண்டும், கொட்டையில் துவர்ப்புக் குறைவு.

பால் எதற்கு? கொழுப்பும் புரதமும் நூலில் ஒட்டிக்கொண்டு, வரையும் குச்சியான கலத்திலிருந்து இறங்கும் நீர் பக்கவாட்டில் ஓடாமல் தடுக்கும். அளவுதான் சிக்கல். முதல் சுற்றில் நீலப் பாக்கெட் பால், கொழுப்பு 3 சதவீதம். 2 மில்லிமீட்டர் கோடு 5 மில்லிமீட்டராக வீங்கியது. இரண்டாம் சுற்றில் எருமைப் பாலைச் சாற்றுக்குச் சமமாக ஊற்றியாயிற்று. கோடு கத்தியால் கீறினதுபோல் நின்றது, ஆனால் கறுப்பு உள்ளே இறங்காமல் பாலின் மேலேயே உட்கார்ந்து அலசும்போது உரிந்து போனது. எறும்பு வந்தது தனிக்கதை. மூன்றாம் சுற்றில் சாறு ஒன்றரை லிட்டருக்கு அரை லிட்டர் ஆரஞ்சுப் பாக்கெட், 6 சதவீதக் கொழுப்பு. அது சரியாக அமைந்தது. எருமைப் பாலே வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. கொழுப்பும் விகிதமும்தான் கணக்கு.

துணியை அதில் போட்டுப் பதினைந்து நிமிஷம் பிசைந்து, ஒரே சீராகப் பிழிந்து, விரித்துக் காயவைக்க வேண்டும். மடிப்போடு பிழிந்தால் மடிப்பில் சாறு தங்கி மஞ்சள் வரி விழும். இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும், அதற்கு மேல் ஈரம் நின்றால் பால் புளித்துவிடும். ஆகஸ்ட் மாலைகளில் மழை வருவதால் காலை 9 மணிக்கே தொடங்குவது நல்லது.

கசிமி

பழைய இரும்பு, வெல்லம், தண்ணீர். மூன்றும் புளித்து வரும் கறுப்பு நீர். சுலபம்போலத் தெரியும். முதல் பானையில் போட்டது காயலான் கடையில் கிடைத்த படகு ஆணிகள், காசிமேட்டில் உடைத்த மரப்படகிலிருந்து வந்தவை. பார்ப்பதற்குக் கனமாக, விலையும் மலிவாக இருந்தன. பதினைந்து நாள் கழித்துக் கடுக்காய்த் துணியில் தொட்டுப் பார்த்தால் ஈரச் சிமெண்ட் நிறம்! இருபதாம் நாளும் அதே. கடல் தண்ணீருக்குத் தாங்க வேண்டும் என்பதால் அவற்றில் துத்தநாகம் பூசியிருந்தார்கள். புளிப்பு முதலில் துத்தநாகத்தைத்தான் தின்னும், இரும்பு பத்திரமாக உள்ளே இருக்கும். இப்படித் துத்தநாகப் பூச்சு (ஜிஐ) உள்ள எதுவும், எவர்சில்வர் துண்டும் இதற்கு ஆகாது. விரலால் தேய்த்தால் செம்பழுப்பாக ஒட்ட வேண்டும், அதுதான் வேண்டிய இரும்பு.

சரியாக வந்த கணக்கு இது: 5 லிட்டர் மண்பானை, துருவேறிய இரும்பு அரைக் கிலோ, கறுப்பு வெல்லம் 250 கிராம், மெட்ரோ தண்ணீர் 3 லிட்டர். வாயைத் துணியால் கட்ட வேண்டும், மூடி போட்டு இறுக்கினால் வாயு அடைத்துக்கொள்ளும். நிழலில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மரக்குச்சியால் கிளறினால் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரே கடுக்காய்த் துணிப்பட்டையில் வரிசையாகத் தொட்டு, பக்கத்தில் தேதி எழுதிக்கொள்ள வேண்டும். நோட்டில் இருக்கும் பட்டையில் 6ஆம் நாள் வெளிர் சாம்பல், 12ஆம் நாள் ஈயம், 18ஆம் நாள் கறுப்பு, 21ஆம் நாள் அதே கறுப்பு. மேலும் ஏறவில்லை என்றதும் வடிகட்டிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றியாயிற்று. தொட்ட உடனே பார்த்து முடிவு கட்டக்கூடாது. காற்றுப் பட்டு அரைமணி நேரத்தில் இன்னும் ஒரு படி கறுக்கும்.

கலமும் வரைவும்

கலம் என்பது கூர்சீவிய மூங்கில் குச்சி. முனையிலிருந்து இரண்டு விரல் மேலே பழைய கம்பளித் துணியை எலுமிச்சங்காய் அளவுக்குச் சுற்றி நூலால் கட்டினால், அதுதான் மைக்கூடு. விரலால் அமுக்க அமுக்கக் கசிமி இறங்கும். பருத்தித் துணி சுற்றினால் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், கம்பளிதான் சீராக விடும். ஒரு முறை தோய்த்தால் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் கோடு வரும். முதல் 5 சென்டிமீட்டர் தடித்து, கடைசி 5 மெலிந்து.

இந்த 35 சென்டிமீட்டரை யாரும் முதலில் அளப்பதில்லை. படத்தைத்தான் முதலில் யோசிக்கிறோம். நோட்டின் முதல் பக்கங்களில் இருப்பது கொடியும் மயிலும், அச்சுப் படத்தைப் பார்த்துப் போட்டவை, அரை மில்லிமீட்டர் கோடு. மூங்கில் முனைக்கு அது வராது. கலத்தை வைத்ததும் ஒரு சொட்டு, எடுத்ததும் ஒரு சொட்டு. மயிலின் கழுத்தில் அம்மை போட்டதுபோல் இருந்தது. பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்பு: 'கை நடுங்குகிறது, பழக வேண்டும்'. தப்பான குறிப்பு. கை நடுங்கவில்லை. நிரம்பிய கலம் எந்தக் கையில் இருந்தாலும் தொட்ட இடத்தில் சொட்டும்.

இரண்டாம் சுற்றில் துறைமுகத்துக் கிரேன்கள். ராயபுரம் பக்கம் போனாலே கண்ணில் படுபவை, நேர்கோடுகள், வளைவே இல்லை, பிழைத்துவிடலாம் என்று கணக்கு. ஸ்கேல் வைத்து இழுத்தோம். ஸ்கேலுக்கும் துணிக்கும் நடுவே கசிமி உறிஞ்சப்பட்டு அடியில் பரவியது, எடுத்துப் பார்த்தால் கோட்டுக்குப் பதில் ஒரு பட்டை. ஸ்கேலின் அடியில் இரண்டு ரூபாய்க் காசுகளை ஒட்டித் தூக்கியதும் பரவுவது நின்றது. கோடு நேராக வந்தது, உயிர் இல்லாமல் வந்தது. ஆரம்பத்துச் சொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் சுற்றுக்கு முன்பு நோட்டில் இரண்டு பக்கம் படமே இல்லாமல் சொட்டுகள் மட்டும் இருக்கின்றன. கலத்தை வைத்து எவ்வளவு நேரம் நிறுத்தினால் எவ்வளவு பெரிய சொட்டு என்ற கணக்கு. தொட்டதும் இழுத்தால் 3 மில்லிமீட்டர். ஒரு மூச்சு நிறுத்தினால் 5. இரண்டு மூச்சு என்றால் 8, ஓரம் சிதறிவிடும். இந்தப் பக்கங்களுக்குப் பிறகுதான் வலை வந்தது. வலையில் ஒவ்வொரு கோடும் ஒரு முடிச்சில் தொடங்குகிறது. சொட்டு எங்கே விழுமோ அங்கே முடிச்சை வைத்துவிட்டால் பிறகு அதைப் பழுது என்று யார் சொல்வது? படிப்பில் எதாவது நகர்ந்ததா என்று கேட்டால் காட்டக்கூடிய இடம் இந்த இரண்டு பக்கங்கள்தான். மயில் போட்டதைவிட இதில் கைவேலை குறைவு.

கணக்கு இப்படி: ஒரு கண்ணியின் குறுக்களவு 10 சென்டிமீட்டர், உயரம் 12. பக்கம் ஒவ்வொன்றும் 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு தோய்ப்புக்கு நான்கு பக்கம் தாராளமாக வரும். துணி முழுக்க ஏறத்தாழ 400 முடிச்சு, 800 கோடு, 62 மீட்டர். புளியங்குச்சியை மணலில் புதைத்துச் சுட்ட கரியால் முடிச்சுகளின் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, கோடுகளைக் கைபோக்கில் இழுத்தோம். பென்சில் வேண்டாம், அதன் தடம் அலசினாலும் போகாது. கரி போய்விடும். முடிச்சில் தொட்டு, ஒரு மூச்சு நின்று, அடுத்த முடிச்சுக்குக் கீழ்நோக்கி. புதிதாகத் தோய்த்த கலத்தில் முடிச்சு பெரிதாகவும், தீரும் கலத்தில் சிறிதாகவும் விழுந்ததில் வலை அங்கங்கே இறுகித் தளர்ந்ததுபோல் தெரிகிறது. அது திட்டமிட்டது இல்லை. இரண்டு காலை, தலா இரண்டு மணி நேரம். கசிமி 200 மில்லிகூடச் செலவாகவில்லை.

படிகாரம்

சிவப்பு வர வேண்டிய கண்ணிகளுக்குள் படிகாரம் பூச வேண்டும், சாயம் அதைப் பிடித்துத்தான் நிற்கும். அரை லிட்டர் வெந்நீரில் 50 கிராம் படிகாரம் கரைத்து, 6 கிராம் சலவை சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நுரைத்துப் பொங்கி அடுப்பு மேடை முழுக்க வழியும். சோடா புளிப்பைக் குறைத்துப் படிகாரத்தைப் பருத்தியில் நன்றாகப் பிடிக்க வைக்கிறது. ஊறவைத்த கருவேலம் பிசின் 15 கிராம் சேர்த்தால் பரவல் குறையும். படிகார நீர் நிறமற்றது, பூசிய இடம் தெரியாது. சிவப்புச் சாயக் கட்டையான பதிமுகம் ஊறிய தண்ணீர் ஒரு கரண்டி கலந்தால் ரோஜா நிறம் காட்டும், பிறகு அதுவே போய்விடும்.

கறுப்புக் கோட்டைத் தொட்டுவிடக்கூடாது. இரும்பும் படிகாரமும் கலந்த இடம் சாயத்தில் ஈரல் நிறமாக வரும். உள்பக்கம் 3 மில்லிமீட்டர் விட்டுப் பூசினால், 2 மில்லிமீட்டர் பரவி, 1 மில்லிமீட்டர் வெள்ளை வரி மிஞ்சும். பூசியது 31 கண்ணி. மூன்று நாள் காயவேண்டும்.

இரண்டாம் துணியில் மீதமிருந்த நம்பிக்கையும் போனது அடுத்த கட்டத்தில். டப்பில் மடித்துப் போட்டு அலசினோம். ஒட்டாமல் மிஞ்சும் படிகாரம் தண்ணீரில் கரைந்து, அசையாத தண்ணீரில் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாயத்தில் போட்டதும் தரை முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. கலம்காரிக்குப் பேர்போன காளஹஸ்தியில் சொர்ணமுகி ஆற்றோட்டத்தில் துணியை விட்டு அலசியதன் காரணம் இதுதான்: கரைந்தது நிற்காமல் அடித்துக்கொண்டு போக வேண்டும். இங்கே பக்கத்தில் இருக்கும் கொசஸ்தலையாற்றில் போய் அலச முடியாது.

மாற்று: 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சுண்ணாம்புக்கட்டிப் பொடி, அதாவது கால்சியம் கார்பனேட். துணியை விரித்தபடி ஒரே வீச்சில் இறக்கிப் பத்து நிமிஷம் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மிஞ்சிய படிகாரத்தைச் சுண்ணாம்பு அங்கேயே செயலிழக்க வைத்துவிடும். பிறகு சாய்த்து வைத்த பிளைவுட் பலகையில் துணியை ஒட்டவிட்டு, மேலிருந்து ஹோஸ் பைப்பால் இருபது நிமிஷம். ஏறத்தாழ 150 லிட்டர் மெட்ரோ தண்ணீர் போனது. வடிந்ததைப் பிடித்துக் கக்கூஸுக்கு ஊற்றினாலும் மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

சாயம்

சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரின் பொடி 150 கிராம், துணிப்பையில் கட்டி இரவு ஊறப்போட வேண்டும். பொடியை நேராகப் போட்டால் துகள் ஒட்டிய இடமெல்லாம் புள்ளி விழும். 20 லிட்டர் எவர்சில்வர் அண்டா, 12 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு ஒரு கிராம் சுண்ணாம்புக்கட்டிப் பொடி. இந்தச் சிவப்புக்குச் சுண்ணாம்புச் சத்து பிடிக்கும். மெட்ரோ தண்ணீரில் அது போதாது. அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் வேண்டாம்.

வெந்நீரில் துணியைப் போடக்கூடாது. பச்சைத் தண்ணீரில் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 70 டிகிரி, அங்கேயே இன்னொரு மணி நேரம், அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிட வேண்டும். முதல் இருபது நிமிஷம் கை ஓயாமல் கிளற வேண்டும், இல்லாவிட்டால் மேகம் மேகமாக ஏறும். சோதனைத் துண்டு ஒன்றைக் கொதிக்கவிட்டதில் செங்கல் நிறமாகப் பழுத்துவிட்டது. தெர்மாமீட்டர் 350 ரூபாய், தண்டமில்லாத ஒரே கருவி. எடைத் தராசையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்ததும் தரை சதை நிறத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். 100 கிராம் கோதுமைத் தவிட்டை மூட்டை கட்டி 10 லிட்டர் தண்ணீரில் போட்டு, துணியைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டால் தரையில் சும்மா ஒட்டியிருக்கும் சாயத்தைத் தவிடு இழுத்துக்கொள்ளும். படிகாரம் பிடித்த சிவப்பு நகராது. சாணம் கரைத்தும் செய்யலாம், அக்கம்பக்கத்து மாடிகளைக் கேட்டுக்கொண்டு. பிறகு மூன்று நாள் வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வண்ணாரப்பேட்டைக்காரர்கள் புல்தரையில் விரித்தார்கள்; மாடியில் பழைய வெள்ளை வேட்டியை அடியில் போட்டு விரித்தோம்.

கறுப்பு நின்றது. சிவப்பு, பழுத்த கோவைப்பழத்துக்கு ஒரு படி கீழே. 31 கண்ணியில் 6இல் படிகாரம் கோட்டைத் தொட்டு ஈரல் நிறம். தரை பச்சரிசிச் சோற்றின் நிறம். வலது மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு இளஞ்சிவப்பு மேகம், பலகையில் துணி சுருங்கி நின்ற இடம் அது.

செலவு: மூன்றாம் துணிக்கு மட்டும் காடா 180, கடுக்காய் 15, பால் 30, இரும்பும் வெல்லமும் 45, படிகாரம் பிசின் வகையறா 40, மஞ்சிட்டி 90, கேஸ் ஏறத்தாழ 60. ஆக 460. வீணான இரண்டுக்கும் சேர்த்து 850. தெர்மாமீட்டர், தராசு, மீட்டர் 1,050. மொத்தம் 2,360 ரூபாய்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை: தண்ணீர்ச் சோதனை துணி வெட்டுவதற்கு முன்பே. பலகை துணியைவிட ஒரு சாண் அகலமாக. படிகாரத்துக்கு 4 மில்லிமீட்டர் இடைவெளி. கோடு போட்டபின் வெயிலில் நாள்கணக்கில் விடக்கூடாது. இரண்டாம் துணியின் பட்டையை ஐந்து வாரம் கழித்து மடித்துப் பார்த்ததில் கறுப்புக் கோடு ஓரமாகவே கிழிந்தது, இரும்பு நூலை அரித்திருந்தது. மூன்றாம் துணியின் ஓரத்திலும் வெட்டி வைத்த பட்டை ஒன்று நோட்டில் இருக்கிறது. அதை நவம்பரில் மடித்துப் பார்க்க வேண்டும்.

கசிமி இன்னும் 2 லிட்டர் பாக்கி.